தொடாதீங்க பாஸ்... இது பட்டு!

ஒரு நிமிஷம் கண்ணை மூடி, நீங்க தெற்கு பிரேசில்ல இருக்குறதா நினைச்சுக்கோங்க. ரியோ கிராண்டே டோ சுல் மாநிலம். பீச் பழத் தோட்டம். மத்தியான வெயில். களைப்பா ஒரு மரத்துல கையை ஊன்றி நிக்கிறீங்க. சுரீர்ர்ர்! திரும்பிப் பார்த்தா, நீங்க தொட்டது மரப்பட்டை இல்ல. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுக் கிடக்குற கம்பளிப்பூச்சிக் கூட்டம்!

'அட, கம்பளிப்பூச்சிதானே... கொஞ்ச நேரம் எரியும், அப்புறம் சரியாயிடும்'னு வேலையைப் பார்க்கப் போனீங்கன்னா, அதுதான் நீங்க செய்யுற பெரிய தப்பு.

இதோட பேர் லோனோமியா ஆப்ளிகா. ராட்சதப் பட்டுப்பூச்சிகளோட குடும்பத்துல பிறந்தது. ஆனா காமெடி என்னன்னா, நூல் எடுக்குற மாதிரி ஒரு கூடுகூடக் கட்டாது! ஊர்க்காரங்க இதைக் கூப்பிடுறது 'டாட்டுரானா'ன்னு. அந்த மண்ணின் பழைய துப்பி மொழியில 'நெருப்பு மாதிரி'ன்னு அர்த்தம். பொருத்தமான பேர்தான்.

இனி பயோடேட்டா. முட்டையில சுமார் 17 நாள். புழுவா ரெண்டு, மூணு மாசம். அப்புறம் மரத்தடி சருகுக்குள்ள கூட்டுப்புழுவா ஒண்ணரை மாசம், சில சமயம் அதுக்கும் மேல. கடைசியா அந்துப்பூச்சி. அதுக்கு ஆயுசு ஒரு வாரம், பத்து நாள்தான். சாப்பாடே கிடையாது. ஜோடி சேரணும், முட்டை போடணும், கிளம்பணும். அவ்வளவுதான் லைஃப்! பெண் பூச்சி சாம்பல் கலந்த பழுப்பு, ஆண் மஞ்சள். இறக்கையை விரிச்சா குறுக்கே ஒரு கோடு ஓடும். அசல் காய்ஞ்ச இலை மாதிரியே இருக்கும். தொட்டாலும் ஒண்ணும் ஆகாது.

வில்லன் வேஷம் புழுப் பருவத்துல மட்டும்தான். எப்படிக் கண்டுபிடிக்கிறது? சுமார் 5 சென்டிமீட்டர் நீளம். பச்சை கலந்த பழுப்பு நிறம். முதுகுல வெள்ளையா 'யு' வடிவத்துல ஒரு அடையாளம். உடம்பு முழுக்க குட்டி கிறிஸ்துமஸ் மரம் மாதிரி கிளை விட்ட முட்கள். ராத்திரி மேலே ஏறி இலை தின்னும். நல்லா வளர்ந்ததும், பகல்ல அடிமரத்துல கூட்டமாப் படுத்துத் தூங்கும். அதாவது, சரியா நம்ம கை படுற உயரத்துல!

பத்தாம் வகுப்போட பயாலஜிக்கு டாட்டா காட்டின என்ஜினீயரிங் பையன் நான். எனக்கே புரிஞ்ச மேட்டர் இது. வீட்டுல அனுப்புற பணத்தை முதல் வாரமே டீ, சினிமான்னு சில்லறையா செலவழிச்சுட்டா, மெஸ் ஃபீஸ் கட்டுற அன்னிக்கு பர்ஸ் காலி. இந்த விஷம் ரத்தத்துல பண்றதும் அதேதான். உறைய வைக்குற பொருளையெல்லாம் தேவையில்லாத இடத்துல தூண்டிவிட்டுத் தீர்த்துடும். அப்புறம் நிஜமாவே ரத்தம் உறைய வேண்டிய இடத்துல உறையாது. முதல்ல எரிச்சல், தலைவலி, குமட்டல். சில மணி நேரம் கழிச்சு ஈறுல ரத்தம், மூக்குல ரத்தம், சிறுநீர்ல ரத்தம். முற்றினா சிறுநீரகம் செயலிழக்கும், மூளையிலயும் ரத்தக்கசிவு. ஒரு புழு பட்டா விஷம் கொஞ்சம்தான். கூட்டத்து மேலயே கை வெச்சாதான் ஆபத்து அதிகம்.

1989-ல் பாஸோ ஃபுண்டோ நகரைச் சுத்தியிருந்த விவசாயிகள் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா இப்படித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. இதுக்குன்னு மருந்தே இல்லாத காலம். உயிர்கள் போச்சு. 1990-களின் நடுவுலதான் சாவ் பாலோ நகரத்து புட்டான்டான் நிறுவனம் விஷமுறிவு மருந்தைக் கொண்டுவந்தது. புழுவோட முட்களை வெட்டி, அதோட சாறை அளவா குதிரைக்கு ஊசி போடுவாங்க. குதிரையோட ரத்தத்துல எதிர்ப்புப் பொருள் உருவாகும். அதைப் பிரிச்செடுத்தா மருந்து!

இப்போ ட்விஸ்ட். மருந்து செய்ய முள் வேணும். முள்ளுக்குப் புழு வேணும். அதனால பார்த்ததும் நசுக்கிப் போடாம, பயிற்சி உள்ளவங்க பத்திரமாப் பிடிச்சு அந்த நிறுவனத்துக்கு அனுப்புறாங்க. எந்தப் புழு ஒருத்தரைச் சாய்ச்சதோ, அதே புழுவோட முள்தான் அடுத்தவரைக் காப்பாத்துது.

ஆனா மருந்து இருந்தா மட்டும் போதுமா? கடிச்சது எதுன்னு டாக்டருக்குத் தெரியணுமே! அதனாலதான் அங்கே சொல்றாங்க: கம்பளிப்பூச்சி பட்டுடுச்சா, ரத்தம் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. கையால தொடாம ஒரு புழுவை டப்பாவுல போட்டுக்கிட்டோ, ஒரு போட்டோ எடுத்துக்கிட்டோ உடனே ஓடுங்க.

முதுகுல ஒரு வெள்ளை 'யு'. அதைக் கவனிச்சுச் சொன்ன ஒருத்தரால ஒரு உயிர் பிழைக்கும். உருப்படியான ஜெனரல் நாலெட்ஜ்னா அதுதான் பாஸ்!

அடுத்த வாரம் பார்ப்போமா?