அயல்வீட்டுச் சத்தமும் எம்மவர் மௌனமும்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தொடர்மாடிகளில் குடியிருக்கும் தமிழரிடம் குறை கேட்டால் மூன்று விடயங்கள் தவறாமல் வந்துவிடும். குழாயில் தண்ணீர் போதவில்லை. வாகனம் நிறுத்த இடமில்லை. மேல் வீட்டுக்காரரின் சத்தம் தாங்க முடியவில்லை. முதலிரண்டுக்காகவும் கூட்டம் கூட்டுவார்கள், கடிதம் எழுதுவார்கள், கட்டடம் கட்டியவரை நீதிமன்றத்துக்கு இழுக்கப் போவதாகவும் சொல்வார்கள். மூன்றாவதை மட்டும் பொறுத்துக் கொள்வார்கள்.

பத்திரிகை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளாக வாசகர் கடிதங்களைப் பிரித்துப் படித்தவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்ல முடியும். அரசாங்கத்தைக் கண்டித்து எழுதியவர்களில் பலர் பெயரையும் முகவரியையும் துணிந்து இட்டார்கள். அயல்வீட்டு வானொலியைப் பற்றி எழுதியவர்களோ 'பெயர், விபரம் தவிர்க்கவும்' என்று கடைசி வரியில் கேட்டுக் கொண்டார்கள். சத்தமிடுபவரைத் திட்டுவது இலகு. அவருக்குத் துணை நிற்கும் இந்த மௌனத்தைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

எந்தச் சத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். கைக்குழந்தை நடுநிசியில் அழுவதும், முதியவர் விடிய விடிய இருமுவதும், வேலைக்குப் போகும் பெண் அதிகாலையில் தேங்காய் துருவுவதும் குற்றங்களாகா. மனிதர் வாழும் வீட்டில் இவை கேட்கத்தான் செய்யும். இரவு பதினொரு மணிக்குக் கிரைண்டரைப் போடுவது, தொலைக்காட்சித் தொடரை மாடி முழுவதற்கும் கேட்க வைப்பது, பிறந்தநாள் விருந்தின் கரோக்கேயை நள்ளிரவு தாண்டியும் இழுப்பது, ஞாயிறு காலை சுவரில் துளையிடுவது, கதிரைகளைத் தூக்காமல் தரையில் இழுப்பது ஆகியன வேறு வகை. இவற்றைக் குறைக்கலாம், தள்ளிப் போடலாம், நிறுத்தலாம். குறைக்கக்கூடிய சத்தத்தைக் குறைக்க மறுப்பவர் அடுத்த வீட்டை அனுமதியின்றிப் பயன்படுத்துகிறார் என்பதே என் கருத்து.

'எங்கள் ஆட்கள் இப்படித்தான், கூடிக் கும்மாளமடிப்பது எங்கள் பண்பாடு' என்று சமாதானம் கூறுவோர் உளர். இது பொய். சூரிச்சில் வாழும் எம்மவர், இரவு பத்து மணிக்குப் பின் சலவை இயந்திரத்தைத் தொடமாட்டார். ஜெர்மனியிலுள்ளவருக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம் என்பது மனப்பாடம். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் சத்தம் பற்றிய சட்டம் இரவு பதினொன்று முதல் காலை ஏழு வரை வீடுகளிலிருந்து எழும் சத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. மீறினால் ஒலிக்கருவியையே பறிமுதல் செய்ய உள்ளூராட்சி சபைக்கு அதிகாரம் உண்டு. இந்நாடுகளில் பூனைபோல் நடக்கும் அதே உறவினர், ஆடி, ஆவணி விடுமுறைக்கு வெள்ளவத்தைக்கு வந்து இறங்கியதும் அதிகாலை ஒரு மணிவரை பாடுகிறார். விமானத்தில் பத்து மணிநேரம் பறந்ததால் அவருடைய பண்பாடு மாறிவிடவில்லை. அங்கே யாராவது கதவைத் தட்டுவார்கள் என்பதும், இங்கே ஒருவரும் தட்டமாட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். வித்தியாசம் அவ்வளவுதான்.

ஏன் தட்டமாட்டார்கள்? கொழும்புத் தமிழரின் பொறுமைக்கு ஒரு வரலாறு உண்டு. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் வீடுகள் எரிந்தபோது, தமிழர் பலரைத் தம் வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் காத்தவர்கள் சிங்கள, முஸ்லிம் அயலவர்கள். 'அயலைப் பகைக்காதே' என்ற பாடம் அன்று உயிர்காக்கும் பாடமாயிற்று. பின்னர் யுத்த காலத்தில் வீட்டில் யார் தங்குகிறார்கள் என்பதைப் பொலிஸ் நிலையத்தில் பதிய வேண்டியிருந்தது. 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து 300க்கு மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வெளியேற்றப்பட்டனர். பெரும்பாலானோர் வவுனியாவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அத்தகைய காலத்தில், மேல்மாடி வானொலியைக் குறைக்கச் சொல்லிப் பொலிஸுக்குப் போவதை யார்தான் நினைத்துப் பார்த்திருப்பார்கள்? பொலிஸ் வாசல்படி ஏறாமலிருப்பதே பாதுகாப்பு என்று இருந்தோம்.

அந்த அச்சம் நியாயமானது. யுத்தம் 2009 மே மாதத்தில் முடிந்தது. முடிந்த பின்னும் அச்சம் பழக்கமாக நின்றுவிட்டது. அதன் பயனை இன்று அனுபவிப்பவர் மேல்மாடியில் கரோக்கே பாடுபவர். பெரும்பாலும் அவரும் தமிழர்தான்.

இதில் கவனிக்க வேண்டிய பொருத்தம் ஒன்றுண்டு. ஜூனில் வெளியேற்றத்தைத் தடுத்த அதே உயர் நீதிமன்றம், அதே 2007ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி, சத்தம் பற்றிய முக்கியமான தீர்ப்பொன்றையும் வழங்கியது. வெலிகம பள்ளிவாசல் ஒன்றின் ஒலிபெருக்கி அனுமதி தொடர்பாக எழுந்த வழக்கு அது. அப்போதைய பிரதம நீதியரசர் சரத் என். சில்வா வழங்கிய பணிப்புரைகள் எல்லா மதத்தவருக்கும், எல்லா வைபவங்களுக்கும் பொதுவானவை. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது. விசேட வைபவமாயின் அயலில் குடியிருப்போரின் கருத்தை அறிந்த பின்னரே அனுமதிக்கலாம். முறைப்பாடு வந்தால் பொலிஸார் உடனே விசாரித்து அயலவரின் வாக்குமூலங்களைப் பதிய வேண்டும். விரும்பாத ஒலியைக் கேட்கும்படி எவரையும் அவருடைய வீட்டுக்குள்ளேயே சிறைப்படுத்த முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். எம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

சட்டத்தில் ஓட்டை இல்லை என்று நான் வாதிடவில்லை. 1996ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் (சத்தக் கட்டுப்பாட்டு) ஒழுங்குவிதிகள், மாநகர எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், மாலை ஆறு முதல் காலை ஆறு வரை 50 டெசிபல் என்று உச்ச அளவு விதித்தன. அந்த அளவு சத்தம் எழும் காணியின் எல்லையில் அளக்கப்பட வேண்டியது. காணிக்குக் காணி மதில் இருந்த காலத்துக்கு அது பொருந்தும். பத்து மாடிக் கட்டடத்தில் சத்தமிடுபவரும் தூக்கமிழப்பவரும் ஒரே காணிக்குள் இருக்கிறார்கள்; இருவருக்கும் நடுவே இருப்பது ஒரு கொங்கிரீட் தட்டு மாத்திரமே. கிரைண்டரின் அதிர்வு காற்றில் வருவதைவிட அந்தத் தட்டினூடாகவே கீழே இறங்குகிறது. உறக்கம் கெடாதிருக்கப் படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வழிகாட்டியது. அந்த அளவை எட்டுவதற்குக் காணி எல்லை விதி உதவாது. தொடர்மாடி நகரமாகிவிட்ட கொழும்புக்கு, வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் அளக்கும் விதி தேவை. இதை எந்த அரசியல்வாதியும் கேட்டதாக நான் அறியேன். கேட்கும்படி நாமும் அவர்களை வற்புறுத்தவில்லை.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. தொடர்மாடி உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி வீட்டு உரிமையாளர்களைக் கொண்ட முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் துணைவிதிகளை இயற்றலாம். இரவு பத்துக்குப் பின் கிரைண்டரும் ஒலிபெருக்கியும் இல்லை, துளையிடும் வேலை வாரநாட்களில் பகலில் மட்டும், மொட்டை மாடி விருந்துக்கு முன்னறிவித்தல் என நான்கு வரி எழுதி, மின்தூக்கிக்கு அருகே மும்மொழிகளிலும் ஒட்டுவதற்கு என்ன செலவாகும்?

இங்கே கடல்கடந்த வாசகர்களிடம் நேரடியாக ஒன்று கேட்கிறேன். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் கணிசமான வீடுகளின் உரிமையாளர் நீங்கள். குடியிருப்பவர் ஓராண்டு ஒப்பந்தத்தில் வாடகைக்கு இருப்பவர். வாய் திறந்தால் ஒப்பந்தம் நீடிக்கப்படாதோ என்ற பயம் அவருக்கு. கூட்டுத்தாபனத்தில் உறுப்புரிமையும் வாக்கும் உங்களிடமே உள்ளன. லண்டனிலும் ரொறன்ரோவிலும் நீங்கள் அனுபவிக்கும் அமைதியை உங்கள் வாடகைக்காரருக்கும் பெற்றுத்தர ஒரு மின்னஞ்சல் போதும். விடுமுறையில் வந்து சத்தம் போடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

குடியிருப்போருக்கும் ஒரு வரிசை உண்டு. முதலில் கதவைத் தட்டுங்கள். "அண்ணை, பிள்ளைக்குச் சோதினை, கொஞ்சம் குறைச்சு வையுங்கோ" என்று சொன்னால் பலர் வெட்கப்பட்டுக் குறைப்பார்கள். கீழே கேட்பதே அவர்களுக்குத் தெரிந்திராது. கிரைண்டரின் கீழே தடித்த இறப்பர் விரிப்பு, கதிரைக் கால்களுக்கு இறப்பர் மூடி என்று அவர்களிடமே சொல்லலாம். அதற்கும் மசியாதவருக்குக் கூட்டுத்தாபனத்தின் எழுத்து மூல அறிவித்தல். அதன்பின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை. அப்போதும் ஒலிபெருக்கி ஓயாவிடின் பொலிஸ். அங்கே தமிழில் முறையிடும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தை நீட்டினால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை ஒப்பமிடாதீர்கள்.

'ஆபத்துக்கு உதவும் அயலவரை ஒரு பாட்டுக்காகப் பகைப்பதா?' என்று மூத்தவர்கள் கேட்பார்கள். ஆபத்தில் உதவும் அளவுக்கு நெருங்கியவரிடம் சத்தத்தைக் குறையுங்கள் என்று சொல்ல முடியாதென்றால் அந்த உறவு எத்தகையது? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும், இரவுக் கடமை முடித்து வந்த தாதியும், இருதய நோயாளியும் இந்தக் கட்டடங்களில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய தூக்கத்தை விலையாகக் கொடுத்து வாங்கும் அயலுறவு எமக்கு வேண்டாம். இன்றிரவே கதவைத் தட்டுங்கள். அடுத்த பொதுக் கூட்டத்தில் அந்த நான்கு வரிகளை முன்மொழியுங்கள். முறைப்பாட்டின் கீழே உங்கள் பெயரையும் எழுதுங்கள்.