தில்லியில் இந்த வாரம் குளிர் எப்படி?



குளிர்காலத்தில் ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கும் வேளையில், எங்கள் மதரஸாவின் வாசற்படியில் ஒரு தாய் வந்து நின்றார். அவருடைய மகன் என்னிடம் ஓதியவன். இப்போது தில்லியில் ஒரு தையற்கூடத்தில் கணக்கெழுதும் வேலையில் இருக்கிறான். அந்த அம்மையார் கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"ஹஜ்ரத், தில்லியிலே நாலு டிகிரியாம். ஆரஞ்சு எச்சரிக்கைன்னு போட்டிருக்கு. வாரம் முழுக்க இப்படித்தானாம். எம்புள்ளையை ஊருக்கு வரச் சொல்லிடவா?"

"வரச் சொல்ல வேண்டாம் தாயே. ஒன்று கேட்கிறேன். அவன் படுக்கும் அறை எப்படிப்பட்டது? இரவில் எதை மூட்டிக் குளிர் காய்கிறான்?"

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் ஹஜ்ரத்? ரெண்டு கம்பளி இருக்குன்னு மட்டும் சொன்னான்."

"இன்று இரவு பேசும்போது இந்த இரண்டையும் கேட்டுவிட்டு நாளை வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் போன பிறகு என் மனம் பாடத்தில் நிலைக்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் இன்று தில்லியில் இருக்கிறார்கள்! ஜாமியா மில்லியாவில் படிப்பவர்கள், அலுவலகங்களில் பணிபுரிபவர்கள், வியாபாரத்துக்காக மாதம் ஒருமுறை போய் வருபவர்கள். இங்கே மார்கழிப் பனிக்குத் தலையில் துண்டு கட்டிக்கொள்ளும் நமக்கு, அங்குள்ள குளிரைப் பற்றி வருகின்ற செய்தியில் எதைப் பார்த்து அஞ்சுவது, எதைப் பார்த்து அஞ்ச வேண்டாம் என்பது தெரிவதில்லை. மாத இதழில் வார வானிலை எழுதுவது பொருத்தமா என்று நீங்கள் நகைக்கலாம். நான் எழுதும் வாரம் உங்கள் கைக்கு இதழ் வருவதற்குள் கடந்துவிடும். ஆயினும் தில்லியின் குளிர்கால வாரங்கள் ஏறக்குறைய ஒரே ஒழுங்கில் சுழல்பவை. அந்தச் சுழற்சியை அறிந்துகொண்டால் எந்த வாரத்தையும் நீங்களே படித்துக்கொள்ளலாம்.

சுழற்சியின் தொடக்கம் தில்லியில் இல்லை. வெகு தொலைவில், மத்திய தரைக்கடல் பகுதியில் உருவாகிற காற்றழுத்தக் குலைவு ஒன்று ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாகக் கிழக்கு நோக்கி நகர்ந்து வருகிறது. வானிலையாளர் இதனை 'மேற்கத்தியக் கலக்கம்' என்பர். இது வரும்போது காஷ்மீரிலும் இமாசலத்திலும் பனி பொழியும். சமவெளியில் மேகம் சூழும். சில வேளை மழையும் பெய்யும். பஞ்சாப், ஹரியானா மாநிலங்களின் கோதுமை வயல்கள் இந்த மழைக்காகக் காத்திருக்கும். மேகம் வானத்தில் நிற்கும்வரை அது ஒரு போர்வையைப் போல நிலத்தின் வெப்பத்தைத் தடுத்து வைக்கும். ஆகவே அந்த இரவுகளில் குளிர் சற்று இளகும். அறியாதவர், "குளிர் விட்டது" என்று மகிழ்வார்கள். கலக்கம் கடந்து வானம் தெளிந்த மறுநாள், பனி மூடிய மலைகளைத் தழுவிக்கொண்டு வடமேற்குக் காற்று இறங்கும். அப்போதுதான் வெப்பநிலை சரேலென்று விழும். இரண்டு மூன்று நாள் இப்படி. பிறகு காற்று அடங்கும். மழை விட்டுச்சென்ற ஈரம், நீண்ட இரவு, அசையாத காற்று இம்மூன்றும் சேர்ந்தால் மூடுபனி எழும். பஞ்சாபிலிருந்து பீகார் வரை கங்கைச் சமவெளி முழுவதையும் அது ஒரே வெண்திரையாக மூடிவிடும். அடுத்த கலக்கம் வரும்வரை இதுவே நிலை.

இனி அந்தத் தாய் காட்டிய 'நாலு டிகிரி'யைப் பார்ப்போம். ஜனவரியில் தில்லியின் சராசரி இரவுக் குளிர் 7 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். சமவெளியில் இது 4 டிகிரிக்கு இறங்கினாலோ, 10 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்து வழக்கத்தைவிட நாலரை டிகிரி குறைந்தாலோ இந்திய வானிலை ஆய்வுத் துறை அதனைக் 'குளிர் அலை' என்று அறிவிக்கும். 2 டிகிரிக்கு இறங்கினால் கடுங்குளிர் அலை. நகரத்தின் கணக்குக்கு அடிப்படையாக இருப்பது சப்தர்ஜங் ஆய்வு நிலையம். அங்கே பதிவான மிகக் குறைந்த அளவு 1935 ஜனவரி 16 அன்று, பூஜ்யத்துக்குக் கீழே 0.6 டிகிரி. 2006 ஜனவரி 8 அன்று 0.2 டிகிரி. 2021 ஆங்கிலப் புத்தாண்டு நாளில் 1.1 டிகிரி. இவையெல்லாம் விடியற்காலை நேரத்து அளவுகள்.

எச்சரிக்கையின் நிறத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனித்திரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயற்படு. ஆரஞ்சைக் கண்டவுடன் பயணச்சீட்டு எடுத்துப் பிள்ளையைத் திருப்பி அழைக்க வேண்டியதில்லை. ஏழு நாள் முன்னறிவிப்பில் முதல் இரண்டு மூன்று நாட்களை நம்பி ஏற்பாடு செய்யலாம்; பிந்திய நாட்களை ஒரு குறிப்பாக மட்டும் கொள்ளலாம்.

இளமையில் ஒரு குளிர்காலம் முழுவதும் தில்லியில் தங்கியிருந்தேன். பழைய தில்லியின் சந்தில் மூன்றாம் மாடி அறை. கல் பாவிய தரை. ஒற்றைச் செங்கல் சுவர். அந்த ஊர் வீடுகள் கோடையின் கொடுமைக்குக் கட்டப்பட்டவை. குளிருக்கு அவற்றில் ஏற்பாடு ஏதும் கிடையாது. கார்த்திகை பிறந்தவுடன் தெருவில் பஞ்சு அடிப்பவரின் வில் ஓசை கேட்கத் தொடங்கும். பழைய ரஜாயைப் பிரித்து, பஞ்சை அடித்து, மீண்டும் தைத்து வாங்கி வைப்பார்கள். சுபுஹுக்குப் பின் நஹாரிக் கடையில் ஆவி பறக்கும். அந்தக் குளிரில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. விடியற்காலையில் எவ்வளவு குறைந்தாலும் வானம் தெளிந்திருந்து ஒன்பது மணிக்கு வெயில் வந்துவிட்டால் மனிதன் தாங்கிக்கொள்வான். மொட்டை மாடியில் பாயை விரித்து, கடலை கொறித்துக்கொண்டு, நண்பகல் வரை உடலைக் காய வைப்பான். சூரியனே வராத நாள்தான் எலும்பை வாட்டும். மூடுபனி நண்பகலிலும் கலையாமல் நின்றால் அறையின் சுவரும் தரையும் படுக்கையும் நாளுக்கு நாள் குளிர்ந்துகொண்டே போகும். 2019 டிசம்பர் 30 அன்று சப்தர்ஜங்கில் பகலின் உச்ச வெப்பமே 9.4 டிகிரிதான். நம் உதகையின் பகலுக்கும் இவ்வளவு குளிர் வருவது அரிது. ஆகவே முன்னறிவிப்பில் இரவு எண்ணை மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். பகல் எண்ணையும் பாருங்கள். அது 15க்குக் கீழே மூன்று நான்கு நாள் தொடர்ந்து நின்றால், அந்த வாரம்தான் நீங்கள் பேசிக் கேட்டறிய வேண்டிய வாரம்.

ஏனென்றால், அத்தகைய வாரங்களில்தான் மனிதர்கள் அறைக்குள் நெருப்பைக் கொண்டு வருகிறார்கள்.

'அங்கீட்டி' என்று அங்கே சொல்வது நம் வீடுகளில் முன்பிருந்த குமுட்டி அடுப்பின் உறவுதான். மண் அல்லது இரும்புச் சட்டியில் கரியை மூட்டுவார்கள். வாசலில் வைத்துக் குளிர் காய்வதில் குற்றமில்லை. புகை அடங்கித் தணல் சிவந்தவுடன், இனி ஆபத்தில்லை என்று எண்ணி அறைக்குள் கொண்டுபோய், கதவை அடைத்து, இடுக்கில் துணியைத் திணித்துப் படுத்துக்கொள்கிறார்களே, அங்கேதான் மரணம் காத்திருக்கிறது. கண்ணுக்குத் தெரிகிற புகை அடங்கினாலும், கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று தணலிலிருந்து வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் பொருளோடு அது உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்கிறது. விழித்திருப்பவனுக்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் என்று ஏதேனும் ஓர் அடையாளம் தெரியும். உறங்குபவனுக்கு ஒன்றும் தெரியாது. 2024 ஜனவரியில் தில்லியின் இரு வேறு பகுதிகளில் இவ்வாறு நெருப்பை உள்ளே வைத்து உறங்கிய ஆறு பேர் ஒரே நாளில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டனர். அவர்களில் நால்வர் ஒரே குடும்பத்தார். அவர்களைக் கொன்றது குளிரன்று.

குளியலறையின் எரிவாயு வெந்நீர்க் கருவியும் இதே வகைதான். சன்னல் இல்லாத சிறு குளியலறையில் அதை எரியவிட்டுக் கதவைத் தாழிட்டுக் குளிப்பவர்கள் மயங்கி விழுந்து மடிந்திருக்கிறார்கள். மின்சாரக் கருவிக்கு இந்த நஞ்சு இல்லை. எனினும் ரஜாயின் அருகில் அதை வைத்துவிட்டு உறங்கலாகாது. வாளியில் போடும் வெந்நீர்க் கம்பியை, மின்சாரத்தை நிறுத்திச் செருகியையும் கழற்றிய பின்னரே நீரில் கை வைக்க வேண்டும். இதையெல்லாம் பிள்ளைகளுக்குத் தெரியும் என்று எண்ணாதீர்கள். நம் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு அறைக்குள் நெருப்பு வைத்து உறங்கும் அவசியமே வந்ததில்லை. பிறகு எப்படித் தெரியும்?

முதியவர்களை அழைத்துச் செல்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்று அசையாத நாட்களில் நகரத்தின் புகையும் தூசியும் மேலே எழும்பாமல் தரையோடு தங்கிவிடுகின்றன. காற்றின் தரத்தைக் குறிக்கும் எண் 300ஐத் தாண்டினால் 'மிக மோசம்' என்றும், 400ஐத் தாண்டினால் 'கடுமை' என்றும் கொள்வார்கள். இளைப்பு நோயுள்ளவர்களும் இருதய நோயாளிகளும் அத்தகைய நாட்களில் சுபுஹுக்குப் பின் உலாவப் போகும் வழக்கத்தை விட்டுவிடுவதே நலம். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தமும் ஏறும். ஜனவரியில் அங்கே சூரியன் உதிக்கவே ஏழே கால் மணி ஆகிவிடுகிறது.

உளூவைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. வெந்நீரில் உளூச் செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை. அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் தாத்துஸ் ஸலாஸில் போரின்போது, கடுங்குளிர் இரவில் குளித்தால் உயிருக்கு ஆபத்து என்றஞ்சித் தயம்மும் செய்து தொழ வைத்ததும், அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் கண்டிக்காமல் சிரித்ததும் அபூதாவூதில் வந்துள்ளன. சட்ட நுணுக்கங்களை உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நோயாளியான பெரியவரைக் குளிர்ந்த நீரில் வருத்துவது மார்க்கம் கேட்பதன்று.

ரயிலில் செல்வோருக்கு ஒரு சொல். சென்னையில் இரவு புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலையில் புதுதில்லி சேர வேண்டும். போபாலைத் தாண்டிய அந்த இரண்டாம் இரவில்தான் மூடுபனி குறுக்கிடும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நிலையில் வண்டி நத்தையாக ஊரும், மணிக்கணக்கில் தாமதமாகும். கம்பளி உடைகளைப் பெட்டியின் அடியில் வைத்துக் கட்டாதீர்கள், கைப்பையில் வையுங்கள். மருந்தும் ஒரு வேளை உணவும் மிகையாக இருக்கட்டும். அதே நாளில் நேர்முகத் தேர்வோ விமானமோ இருக்கும்படி பயணத்தை அமைத்தல் கூடாது.

மறுநாள் அந்தத் தாய் மீண்டும் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"நீங்க கேட்டதும் சரியாப் போச்சு ஹஜ்ரத். அஞ்சு பேரு ஒரே ரூமாம். சன்னலே கிடையாதாம். கதவுக்குக் கீழே சாக்கைத் திணிச்சுட்டு, கரிச் சட்டியை நடுவிலே வச்சுத் தூங்குறாங்களாம். 'புகையே இல்லம்மா, நல்லாக் கதகதன்னு இருக்கு'ங்கிறான். காலையிலே எல்லாருக்கும் தலைவலியாம். குளிர்னாலேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கானுங்க."

"இப்போது?"

"ராத்திரியே சட்டியை மாடிப்படிக்கு எடுத்து வைக்கச் சொல்லிட்டேன். வச்சதைப் படம் எடுத்து அனுப்புடான்னேன். அனுப்பிட்டான்." கைப்பேசியில் அந்தப் படத்தைக் காட்டினார். படிக்கட்டின் மூலையில் சாம்பல் படிந்த சட்டி ஒன்று. "ஆளுக்கு ஒரு ரஜாய் வாங்கப் பணமும் போட்டுட்டேன். அடுத்த வாரம் எப்படி ஹஜ்ரத்?"

முன்னறிவிப்பைப் பார்த்தேன். நடுவாரத்தில் மேகம், இரவு 9 டிகிரி, வெள்ளியன்று சிறு மழை, அதன்பின் தெளிந்த வானம்.

"மழைவரை கொஞ்சம் இளகும் தாயே. மழை விட்ட மறுநாளிலிருந்துதான் கடுமை. அப்போது அறையிலிருக்கும் மற்றவர்கள் சட்டியை மறுபடி உள்ளே எடுக்கப் பார்ப்பார்கள்."

அவர் விரல்விட்டு எண்ணினார். "அப்போ சனிக்கிழமையிலேர்ந்து நான் தினமும் இஷாவுக்கு அப்புறம் பேசி, படம் அனுப்பச் சொல்லிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.