நர்ஸ் ஆகப் போகிறோம் – எந்த நோயாளிக்காக?

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி
(வீரகேரளம்புதூர்)

அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள். எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டர் கரும்பலகையைத் துடைத்துவிட்டுத் திரும்பி, "உங்களில் நர்சிங் படிக்க ஆசைப்படுகிறவர்கள் கை தூக்குங்கள்" என்றார்கள். பதினொரு கைகள் உயர்ந்தன. சிஸ்டர் மகிழ்வார்கள் என்று எண்ணினோம். ஆனால் அவர்களோ, "எதற்காக?" என்று ஒரே ஒரு சொல்லில் கேட்டார்கள்.

சீக்கிரம் வேலை கிடைக்கும் என்றாள் ஒருத்தி. வெளிநாடு போகலாம் என்றாள் இன்னொருத்தி. வெள்ளை உடுப்பு பிடிக்கும் என்றாள் மூன்றாமவள். "டாக்டர் சீட்டு நமக்கெல்லாம் கிடைக்காது சிஸ்டர், அதனால்தான்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பே சிரித்தது. சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. "பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப் என்று எழுதிக் கொடுப்பதற்குள் இதைவிட நல்ல பதிலாகத் தேடி வாருங்கள்" என்று கூறிப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள்.

அன்று முதல், பள்ளிவிட்டு வீடு திரும்பும் பஸ்ஸிலும் நாங்கள் இதையே பேசினோம். அந்தத் தேடலில் கண்டவற்றை இம்மலரின் வழியே தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, அந்தக் கடைசி பெஞ்சுப் பதிலை எடுத்துக்கொள்வோம். டாக்டர் படிப்பில் இடம் கிடைக்காதவர்கள் ஒதுங்கும் திண்ணையா நர்சிங்? திருவள்ளுவர் அப்படி எண்ணவில்லை. 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறார். நோயுற்றவர், நோயைத் தீர்ப்பவர், மருந்து, அம்மருந்தைப் பக்கத்திலிருந்து செய்து கொடுப்பவர் ஆகிய நால்வகை அது. நான்காவதாக நிற்பவரே இன்றைய செவிலியர். நாற்காலியின் நான்காவது காலை எவரேனும் இரண்டாந்தரக் கால் என்பார்களா?

விளக்கேந்திய சீமாட்டி பிளாரன்ஸ் நைட்டிங்கேலைப் பற்றிப் பேச்சுப் போட்டிகளில் எத்தனையோ முறை முழங்கியிருக்கிறோம். 1854-ல் கிரிமியப் போரில் காயமுற்ற வீரர்களை அவர் பேணிய கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் கணக்கிலும் வல்லவர் என்பதை நாங்கள் இவ்வாண்டுதான் அறிந்தோம். காயத்தால் மாண்டவர்களைவிட, மருத்துவமனையின் அசுத்தத்தால் பரவிய நோயில் மாண்டவர்களே அதிகம் என்பதை அவர் எண்ணிக் குறித்தார்; வண்ணப் படங்களாக வரைந்து அரசாங்கத்தின் முன் வைத்தார். 1860-ல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் தொடங்கிய பள்ளியிலிருந்தே இன்றைய நர்சிங் கல்வி வளர்ந்தது.

"நர்சுக்குக் கணக்கு எதற்கு?" என்று கேட்கும் தோழியருக்கு ஒரு கணக்கு: 500 மில்லி சலைனை 4 மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். குழாயில் 20 சொட்டு சேர்ந்தால் ஒரு மில்லி. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விட வேண்டும்? 500-ஐ 20-ஆல் பெருக்கி, 240 நிமிடத்தால் வகுத்தால் ஏறத்தாழ 42 சொட்டு. பரீட்சையில் இதைத் தப்பாகப் போட்டால் இரண்டு மார்க் போகும். வார்டில் தப்பாகப் போட்டால் என்ன போகும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, போட்டிக்கு அஞ்சிப் பயனில்லை. பி.எஸ்சி. நர்சிங் நான்காண்டுப் படிப்பு. அதற்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகியவை வேண்டும். நம் மாநிலத்தில் அரசு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்படி தரவரிசை போடுகிறார்கள். இராணுவச் செவிலியர் பணிக்கான படிப்புக்கு நீட் மதிப்பெண் கேட்கிறார்கள். அறிவியல் குரூப் கிடைக்காத தோழியர் மனம் உடைய வேண்டாம். மூன்றாண்டு டிப்ளமோ படிப்புக்கு மற்ற குரூப் மாணவியரும் விண்ணப்பிக்கலாம். பிறகு மேற்படிப்பின் மூலம் பட்டமும் பெறலாம்.

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. எங்கள் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர், ஒரு புரோக்கரின் பேச்சை நம்பி எங்கோ ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். அதற்கு அங்கீகாரம் இல்லை என்பது இரண்டாம் வருஷம்தான் தெரிந்தது. வெளியே வரலாமென்றால், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்க மறுத்தார்கள். அவர் அம்மா கழுத்திலிருந்த செயின் போனது. அக்காவின் இரண்டு வருஷமும் போனது. எனவே பணம் கட்டுவதற்கு முன் இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மகப்பேறு உதவியாளர்கள் கவுன்சிலின் அங்கீகாரமும் உண்டா என்று அருள்கூர்ந்து பாருங்கள்.

இனி, எங்களை அதிகம் சிந்திக்க வைத்த விஷயத்துக்கு வருகிறோம். நர்சிங்கில் முதுகலைப் பட்டம் பெறுவோர்க்கு மருத்துவ-அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என ஐந்து துறைகள் உண்டு. பதினொரு பேரும் எதை விரும்புகிறோம் என்று சீட்டில் எழுதிப் பார்த்தோம். ஆபரேஷன் தியேட்டர், தீவிர சிகிச்சைப் பிரிவு என்றே எட்டுச் சீட்டுகள் வந்தன. இரண்டு சீட்டுகளில் குழந்தை நலம், ஒன்றில் மகப்பேறு. மனநலமும் சமுதாய நலமும் யாருடைய சீட்டிலும் இல்லை. ஆனால் எங்கள் சிற்றாற்றங்கரை ஊர்களில் அதிகம் தேவைப்படுவது எது என்று பார்த்தால், விடை நேர்மாறாக வருகிறது.

மகப்பேற்றையே எடுத்துக்கொள்வோம். 1890-களில் திண்டிவனத்தில் ஓர் இரவு மூன்று கணவர்கள், ஒருவர் பின் ஒருவராக, ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தந்தை டாக்டர். ஆனாலும் ஆண் மருத்துவரை அந்தக் குடும்பங்கள் அனுமதிக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் அறியாதவர். விடிவதற்குள் மூன்று தாய்மாரும் இறந்தார்கள். அந்த இரவே அவரை அமெரிக்கா சென்று மருத்துவம் கற்கச் செய்தது. 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் அவர் தொடங்கிய பணி பெரும் மருத்துவமனையாக வளர்ந்தது. 1909-ல் அங்கே செவிலியர் பள்ளி ஏற்பட்டது. 1946-ல் நர்சிங்கில் பட்டப்படிப்பும் வந்தது. அக்கல்லூரியில் இடம் பெறுவது இன்று நம் மாணவியர் பலரின் கனவு. அக்கனவுக்கு வித்திட்டவர்கள் பெயர் தெரியாத அந்த மூன்று தாய்மாரே என்பதை விண்ணப்பம் எழுதும்போது மறக்கலாகாது.

நம் கன்னியர்களின் வரலாற்றிலும் இதற்கு ஓர் இடமுண்டு. ஒரு காலத்தில் கத்தோலிக்கத் துறவியர் மகப்பேறு பார்ப்பதற்குத் திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. ஆஸ்திரியாவில் பிறந்த டாக்டர் அன்னா டெங்கல், ராவல்பிண்டியில் பெண்கள் சிகிச்சையின்றி மடிவதைக் கண்டவர். அவர் 1925-ல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையை நிறுவினார். பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பின், 1936-ல் உரோமை அந்தத் தடையை நீக்கியது. அன்னை தெரசா 1948-ல் சேரிகளுக்குள் நுழையுமுன் பாட்னா சென்று மருத்துவப் பயிற்சி பெற்றது அச்சபைச் சகோதரிகளிடமே. அன்பு மட்டும் போதாது, தொழிலும் தெரிய வேண்டும் என்பதை அன்னையே உணர்ந்திருந்தார்கள். தேவதாயும் எலிசபெத்தம்மாளுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடவில்லை. ஏறக்குறைய மூன்று மாதம் உடனிருந்தார்கள் என்று லூக்கா நற்செய்தி கூறுகிறது.

இன்று எல்லாம் சரியாகிவிட்டதா? 2018-20ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஒரு லட்சம் குழந்தைகள் உயிருடன் பிறக்கும்போது இந்தியாவில் 97 தாய்மாரும், தமிழ்நாட்டில் 54 தாய்மாரும் இறந்தார்கள். இந்திய அளவோடு ஒப்பிட்டு நாம் பெருமைப்படலாம். ஆனால் செங்கோட்டை தாண்டி, புளியரை மலை ஏறி இறங்கினால் வரும் கேரளத்தில் அந்த எண் 19 தான். குற்றாலத்துச் சாரல் மலைக்கு இரண்டு பக்கமும் விழுகிறது. தாய்மாரின் உயிருக்கு மட்டும் ஏன் இந்த வேறுபாடு? தேர்ந்த செவிலியருக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி கொடுத்து, சிக்கலில்லாத பிரசவங்களை அவர்களே பார்க்கும் திட்டத்தை மத்திய அரசு 2018-ல் அறிவித்தது. இத்துறைக்கு எதிர்காலம் உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

மனநலம் என்றதும் எங்கள் வீடுகளில் குரல் தாழ்ந்துவிடும். ஒருவருக்கு மனம் சரியில்லை என்றால் பேய் என்பார்கள், செய்வினை என்பார்கள். அறைக்குள் பூட்டியும் வைப்பார்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி 28 பேர் வெந்து மடிந்தார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது தடுக்கிறது. சட்டம் சங்கிலியை அவிழ்த்துவிடும். அவிழ்த்த பின் அருகில் அமர்ந்து மாத்திரை கொடுத்து, காது கொடுத்துக் கேட்பது யார்? அந்த நாற்காலிதான் எங்கள் பதினொரு சீட்டிலும் காலியாகக் கிடந்தது.

சமுதாய நலச் செவிலியருக்கோ ஏ.சி. அறையும் இல்லை, பளபளக்கும் கருவிகளும் இல்லை. வெயிலில் நடந்து வீடு வீடாகச் சென்று தடுப்பூசிக் கணக்கு எடுக்கிறாரே, நாம் 'நர்சம்மா' என்று கூப்பிடுகிறோமே, அவர் செய்வது இத்துறைப் பணியே. சுரண்டை, பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கமெல்லாம் நம் தாய்மார் சுளகை மடியில் வைத்துக் குனிந்தபடியே பீடி சுற்றுகிறார்கள். முதுகுவலியும் புகையிலைத் தூசியால் வரும் இருமலும் அவர்களுக்குப் பழகிவிட்டன. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' போல, செவிலியர் வாசலுக்கு வந்தால்தான் அவர்களுக்கு மருத்துவம்.

"அப்படியானால் வெளிநாடு போவது பாவமா?" என்று எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை வந்தது. பாவமில்லை என்பதே எங்கள் முடிவு. 2020-ல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, உலகில் 59 லட்சம் செவிலியர் குறைவு என்றது. நோயாளி எந்த நாட்டிலிருந்தாலும் நோயாளிதான். அம்மா பீடி சுற்றிக் கட்டிய பீஸை மகள் சம்பாதித்து அடைப்பதும் அறமே. தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் நர்சுகள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னைத் தெருக்களில் உட்கார்ந்த படங்களை நாமும் பார்த்தோம். 'சேவை', 'தியாகம்' என்று மேடையில் புகழ்ந்துவிட்டுச் சம்பளத்தைக் குறைப்பது நியாயமாகாது. உள்ளூரில் நல்ல ஊதியம் தந்தால் உள்ளூரில் இருப்போர் பெருகுவர்.

கடைசியாக, எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு. "ராத்திரி டூட்டியாம்லா? பொம்பளப் பிள்ளைய எப்படித் தனியா அனுப்ப?" என்று எங்களில் ஒருத்தியின் ஆச்சி தடுக்கிறார்கள். ஆச்சி, போன வருஷம் உங்களுக்கு மூச்சு முட்டித் தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தோமே, அன்று நடுச்சாமத்தில் உங்கள் முதுகைத் தாங்கிப் பிடித்ததும் யாரோ ஓர் ஆச்சியின் பேத்திதானே? ஆபத்தே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2018-ல் கேரளத்தில் நிபா காய்ச்சல் வந்தபோது, பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி நோயாளியைப் பேணியதால் அதே தொற்றுக்கு ஆளாகி மே 21 அன்று உயிர்நீத்தார். அதனால் பெற்றோரே, எங்களைத் தடுக்காதீர்கள். எங்களுக்குக் கையுறையும், முகக்கவசமும், பத்திரமான விடுதியும், இரவில் வீடு திரும்ப வண்டியும் வேண்டுமென்று எங்களோடு சேர்ந்து கேளுங்கள்.

தோழியரே, விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் எல்லாம் எழுத இடமிருக்கும். எந்த நோயாளிக்காக வருகிறாய் என்று எழுத இடமிருக்காது. அதை நாமே மனத்தில் எழுதிக்கொண்டு போக வேண்டும். அப்படி எழுதிக்கொண்டவளுக்கு விரும்பிய கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டாலும் வழி தவறாது. வேறு வாசல் வழியாக அந்த நோயாளியிடமே போய்ச் சேருவாள்.

சென்ற வாரம் மறுபடியும் சீட்டு எழுதிப் பார்த்தோம். மகப்பேறு நான்கு, சமுதாய நலம் இரண்டு, மனநலம் ஒன்று. மற்ற நால்வரும் தியேட்டரும் தீவிர சிகிச்சையும்தான் என்று உறுதியாக நிற்கிறார்கள்; ஆனால் இப்போது காரணம் சொல்லத் தெரிந்து நிற்கிறார்கள். மனநலம் என்று எழுதியவள் யார் தெரியுமா? அன்று கடைசி பெஞ்சிலிருந்து பதில் சொன்னவளேதான்.

சிஸ்டர், அந்தக் கேள்வியை இன்னொரு முறை கேளுங்கள். கை தூக்கக் காத்திருக்கிறோம்.