சினைப்பைப் புற்றுநோயும் ஒளியியல் உயிருணரிகளும்: நிலைப்பாட்டு அறிக்கை

சினைப்பைப் புற்றுநோயை ஒரு துளி இரத்தத்தில் தொடக்கத்திலேயே கண்டறியலாம் என்ற எதிர்பார்ப்பை ஒளியியல் உயிருணரிகள் எழுப்பியுள்ள நிலையில், அறிகுறி ஏதுமற்ற பெண்களுக்கான முன்பரிசோதனைக் கருவியாக அவற்றை விற்பது இப்போதைக்குக் கூடாது என்பதே இவ்வறிக்கையின் நிலைப்பாடு. ஆய்வு தொடர வேண்டும் என்பதில் மாற்றுக்கருத்து இல்லை.

இவ்வகை உணரிகளுள் நன்கு ஆராயப்பட்டது மேற்பரப்பு பிளாஸ்மான் ஒத்ததிர்வு முறையாகும். ஏறத்தாழ 50 நானோமீட்டர் தடிப்புள்ள தங்கப் படலத்தின் ஒருபுறம் முப்பட்டகத்தின் வழியே ஒளி விழ, மறுபுறம் பதிக்கப்பட்ட எதிர்ப்பொருள்கள், அதாவது குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றும் மூலக்கூறுகள், இரத்தத்திலுள்ள அப்புரதத்தைப் பிடித்ததும் அங்கே ஒளிவிலகல் எண் சற்றே மாறுகிறது. அதனால் எதிரொளிப்பு மிகக் குறையும் கோணம் நகர்கிறது. அந்நகர்வே புரதத்தின் அளவைக் காட்டுகிறது.

சிக்கல் கருவியின் நுண்மையில் இல்லை. இக்கருவிகள் பெரிதும் தேடும் சிஏ-125 புரதத்தை, மில்லிலிட்டருக்கு 35 அலகு என்ற வழக்கமான எல்லைக்குக் கீழேயும் சாதாரண ஆய்வுக்கூடமே அளந்துவிடுகிறது. முதல்நிலை நோயாளிகளுள் ஏறக்குறையப் பாதிப்பேரிடம் அது உயர்வதில்லை. மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், இந்திய மருத்துவர்கள் நன்கறிந்த வயிற்றுக் காசநோய் ஆகியவற்றிலோ உயர்ந்துவிடுகிறது. இரத்தத்தில் உயராத ஒன்றை எவ்வளவு நுட்பமான தங்கப் படலமும் உயர்த்திக் காட்டாது.

மாதவிடாய் நின்ற 1,00,000 பெண்களில் 40 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கொண்டால், நலமானோரில் 98 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கும் சோதனைகூட ஏறத்தாழ 2,000 பேரை நோயாளிகளெனத் தவறாகச் சுட்டும். அவர்களது ஐயத்தைத் தீர்க்கப் பல நேரங்களில் அறுவை சிகிச்சையே வழி. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சிஏ-125 சோதனையும் ஸ்கேனும் தவறாகச் சுட்டிய 3,285 பெண்களுள் 1,080 பேர் அறுவைக்கு உட்பட்டனர். அவர்களுள் 163 பேருக்குக் கடும் பக்கவிளைவுகள் நேர்ந்தன. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்ட பிரிட்டன் ஆய்வின் 2021-ஆம் ஆண்டு முடிவோ இன்னும் கசப்பானது: தொடர் சிஏ-125 சோதனையால் முதல்நிலையில் கண்டறியப்பட்டோர் தொகை கூடியும், இந்நோயால் இறந்தோர் விகிதம் குறையவில்லை.

ஆகவே, புரதம் கலந்த உப்புக்கரைசலில் கிடைத்த அளவீடுகளைச் சான்றாக ஏற்க இயலாது. முதல்நிலை நோயாளிகள், புற்றல்லாத கட்டியுடையோர், காசநோயாளிகள் ஆகியோரின் இரத்தத்தில் கருவி சோதிக்கப்பட்டு, பின்னர் அதனால் இறப்பு குறைவது பெருந்திரள் ஆய்வில் நிறுவப்பட வேண்டும். அதுவரை, தொடர்ந்து வயிறு உப்புதல், சிறிது உண்டதும் நிறைந்துவிடுதல் போன்ற அறிகுறிகளுடன் வருவோருக்கு ஸ்கேனைத் தவிர்க்கவோ, இந்நோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் பிஆர்சிஏ மரபணு மாற்றமுடைய பெண்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தடுப்பு அறுவையைத் தள்ளிப்போடவோ இவ்வுணரியின் முடிவைக் காரணமாகக் காட்டலாகாது.