இரண்டு ஐ.டி.

மாப்பிள்ளை 'ஐ.டி.யில இருக்கார்' என்றால் பெண் வீட்டில் ஒரு ஸ்வீட் கூடுதலாக வைப்பார்கள். 'ஐ.டி.லேர்ந்து வந்திருக்காங்க' என்றால் அதே வீட்டில் பீரோ சாவி காணாமல் போகும்.

இந்த இரண்டு ஐ.டி.யும், அதாவது சாஃப்ட்வேரும் வருமான வரியும், நேருக்கு நேர் மோதிக்கொண்ட இடம் எங்கள் தாம்பரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை.

2006-ல் ஆரம்பித்தது. கழுத்தில் அடையாள அட்டையோடு பஸ்ஸில் பாதித் தூக்கத்தில் வரும் பெண்கள் ஞாபகம் இருக்கிறதா? ப்ளஸ் டூ முடித்து, வீட்டிலேயே முதன்முதலாக மாதச் சம்பளம் பார்த்தவர்கள்.

2013 ஜனவரியில் அதிகாரிகள் வந்தார்கள். அப்புறம் 2,000 கோடிக்கு மேல் கேட்டு நோட்டீஸ். போனில் ஏற்றும் சாஃப்ட்வேருக்காக ஃபின்லாந்து தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்பியபோது டி.டி.எஸ். பிடிக்கவில்லையாம்.

பி.காம். படித்த பாவத்துக்கு விளக்குகிறேன். கடையில் ஒரு பாட்டில் ஆவக்காய் வாங்கினால் அது சரக்கு. மாமியின் ஆவக்காய்ப் பக்குவத்தையே உரிமையாக வாங்கி, நாமே போட்டு விற்றால் மாமிக்குக் கொடுப்பது ராயல்டி. வெளிநாட்டு மாமி என்றால் வரியைப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தை அனுப்ப வேண்டும். நோக்கியா 'பாட்டில்' என்றது. இலாகா 'பக்குவம்' என்றது.

சட்டம் என்ன சொன்னது? 2012-ல் ஒரு திருத்தம் போட்டு, சாஃப்ட்வேரும் ராயல்டிதான் என்றார்கள். எப்போதிலிருந்து? 1976 ஜூன் 1-லிருந்து! நான் அப்போது பிறக்கவே இல்லை சார்.

சொத்துக்கள் முடக்கப்பட்டன. 2014 மார்ச்சில் மாநில வரிக்காரர்களும் தங்கள் பங்குக்கு 2,400 கோடி கேட்டார்கள். ஏற்றுமதி என்று சொல்லி உள்ளூரில் விற்றீர்கள் என்று. (இரண்டு இலாகாவும் பேசி வைத்துக்கொண்டு வரவில்லை என்றே நம்புவோம்.) ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் நோக்கியாவின் போன் வியாபாரத்தை வாங்கியபோது ஸ்ரீபெரும்புதூரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கேஸில் மாட்டின வீட்டை யார் வாங்குவா?

வரி ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆண்ட்ராய்டு வந்ததுமே நோக்கியாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் விற்கக்கூட முடியாமல் போனது வரியால்தான்.

அந்த வருஷம் 5,000 பேருக்கு மேல் 'விருப்ப ஓய்வு'. ஓய்வு பெற்றவர்களில் பலருக்கு வயது இருபத்தைந்து! எங்கள் தெருப் பெண் ஒருத்தி, கிடைத்த பணத்தில் தங்கை கல்யாண நகைக்கடனை அடைத்துவிட்டு ஜவுளிக்கடையில் பில் போடப் போனாள். 2014 நவம்பர் 1-ல் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றது.

2018-ல் இந்தியாவும் ஃபின்லாந்தும் பேசி முடித்து, நோக்கியா சுமார் 1,600 கோடி கட்டியது. 2019-ல் சால்காம்ப் என்ற சார்ஜர் கம்பெனி இடத்தை வாங்கியது.

2021 மார்ச்சில் வேறு கம்பெனிகளின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. வெளிநாட்டு சாஃப்ட்வேரை உபயோகிக்கவோ மறுபடி விற்கவோ வாங்குவது ராயல்டி ஆகாது, டி.டி.எஸ். பிடிக்க வேண்டாம். 2012-ல் போட்ட சட்டத்துக்கு அதற்கு முந்தைய வருஷங்களிலேயே கீழ்ப்படியச் சொல்லவும் முடியாது.

அதாவது, பாட்டில். நோக்கியா பணத்தைக் கட்டி அப்போது மூன்று வருஷம் ஆகியிருந்தது.