இடத்தைச் சொல்லாதிருப்பது சுயநலம் அல்ல

அரிய பறவையையோ பாம்பையோ ஆர்க்கிட் பூவையோ படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினால், பாராட்டுக்கு முன்பே வருகிற கேள்வி “எந்த இடம்?” என்பதுதான். சொல்ல மறுப்பவருக்குக் கிடைப்பது வசை. காடு உன் சொத்தா, நீ மட்டும் பார்க்கலாம் நாங்கள் பார்க்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். பார்த்ததைப் பார்த்த இடத்தோடு சொல்வதே நேர்மை, மறைப்பது சுயநலம் என்ற எண்ணம் இயற்கை ஆர்வலர்களிடையே வேரூன்றிவிட்டது. இந்த எண்ணம் உயிர்களைக் கொல்கிறது என்பதால்தான் அதை எதிர்த்து எழுதுகிறேன். அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. “கடத்தல்காரர்களுக்கு எல்லா இடமும் ஏற்கெனவே தெரியும்”

தன் ஊர் மலையை அறிந்த வேட்டைக்காரருக்கு அந்த மலை தெரியும், உண்மைதான். ஆனால் அரிய உயிர்களை வாங்குபவரும் அவருக்குப் பிடித்துத் தரும் தரகரும் பல நேரங்களில் வேறு நாட்டில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டுவது வெளியாகும் தகவல்தான். தென்சீனாவின் சுண்ணாம்புப் பாறைகளில் வாழும் கோனியூரோசாரஸ் லூயி என்ற பல்லியை 1999-இல் அறிவியலாளர்கள் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்கள். வழக்கப்படி, கண்டெடுத்த இடத்தையும் ஆய்வுக் கட்டுரையில் குறிப்பிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் அந்த இடத்தில் ஒரு பல்லிகூட மிஞ்சவில்லை. செல்லப்பிராணிச் சந்தைக்காக அவற்றைப் பிடித்துத் தீர்த்துவிட்டார்கள். இந்தோனேசியாவின் ரோட்டே தீவில் வாழும் பாம்புக்கழுத்து ஆமை 1994-இல் தனி இனமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அதன் விலையும் தேவையும் ஏறி, இயற்கையில் அது அழிவின் விளிம்புக்கே போனது.

2006-இல் ‘சயின்ஸ்’ இதழில் நான்கு ஆய்வாளர்கள் இதைப் பற்றி எச்சரித்து எழுதினார்கள். அந்தப் பல்லியை அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவரான லீ க்ரிஸ்மரும், அந்த ஆமைக்குப் பெயர் சூட்டிய ஆண்டர்ஸ் ரோடினும் அந்த நால்வரில் அடக்கம். தாங்கள் எழுதிய இடக்குறிப்பு என்ன செய்தது என்பதை நேரில் அறிந்தவர்களின் சாட்சியம் அது. கடத்தல்காரருக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லிவிட்டு இதைக் கடந்துபோக முடியாது.

2. “அறிவியல் பொதுச் சொத்து, இடத்தை மறைத்தால் ஆய்வு நின்றுவிடும்”

நிற்காது. துல்லியமான இடத்தைப் பதிவு செய்வதும் அதை எல்லோருக்கும் காட்டுவதும் வெவ்வேறு செயல்கள். ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் அழிவின் அபாயத்தில் உள்ள ஓர் உயிரைப் பதிவிட்டால், சரியான இடம் தரவுத்தளத்துக்குள் அப்படியே இருக்கும். வெளியே காட்டப்படும் புள்ளியோ, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் பக்க அளவுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்காவது வைக்கப்படும். கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்தும் ஈபேர்டு தளமும் ஆபத்தில் உள்ள சில பறவைகளின் இடத்தைப் பொதுப் பார்வையிலிருந்து மறைக்கிறது. ஒரு பறவை எந்த மாவட்டத்தில், எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று அறிய விரும்பும் மாணவருக்கு இதனால் எந்த இழப்பும் இல்லை. துல்லியமான இடம் தேவைப்படும் ஆய்வாளர் காரணத்தைச் சொல்லிக் கேட்டுப் பெறலாம்.

இடத்தகவலுக்குப் பூட்டு ஏன் வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2013-இல் மத்தியப் பிரதேசத்தின் பன்னா காப்பகத்தில், ஒரு புலியின் கழுத்துப்பட்டை அனுப்பும் ஜிபிஎஸ் தகவல் வந்து சேரும் மின்னஞ்சல் கணக்குக்குள் புணேயிலிருந்து யாரோ நுழைய முயன்றார்கள். சர்வர் தடுத்துவிட்டது. அந்தத் தகவல் எல்லோருக்கும் திறந்திருந்தால் நுழைய முயல வேண்டிய தேவையே இருந்திருக்காது.

3. “பலருக்குத் தெரிந்தால்தான் பாதுகாப்பு”

இந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை ஒதுக்கிவிடக் கூடாது. நாகாலாந்தின் தோயாங் நீர்த்தேக்கப் பகுதியில் 2012-இல் அமூர் வல்லூறுகள் ஆயிரக்கணக்கில் வலைவைத்துப் பிடித்துக் கொல்லப்பட்டது உலகுக்குத் தெரியவந்தது. அடுத்த ஆண்டே அங்குள்ள பாங்தி ஊரார் வேட்டையை நிறுத்தினார்கள். சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிச் சரணாலயம் இருக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். அதையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. ஸ்காட்லாந்தின் லோக் கார்ட்டனில் விரால் அடிப்பான் பறவையின் கூடு 1958-இல் முட்டைத் திருடனால் நாசமானது. அடுத்த ஆண்டு பறவைப் பாதுகாப்புச் சங்கம் துணிந்து பொதுமக்களுக்கு அந்த இடத்தைக் காட்டியது.

மூன்றிலும் பொதுவானது எது என்று பாருங்கள். பாங்தியில் கொலை ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. இடத்தை வெளியிட்டதால் ஒரு வேடனும் புதிதாக வழி தெரிந்துகொள்ளவில்லை; வேட்டையை நிறுத்தியதும் அந்த ஊரார்தான். கொள்ளுக்குடிப்பட்டியில் ஓர் ஊரே காவல் நிற்கிறது. லோக் கார்ட்டனில் கூட்டைச் சுற்றி இரவும் பகலும் ஆட்கள் காவல் இருந்தார்கள், பார்வையாளர்கள் தொலைவிலிருந்துதான் பார்த்தார்கள். அங்கெல்லாம் காக்க ஆள் இருந்தது. ஆளில்லாத புதர்க்காட்டில் கிடக்கும் நட்சத்திர ஆமைக்கோ, மலைச்சரிவில் ஒற்றைப் பாறையில் பூத்த ஆர்க்கிடுக்கோ அந்தக் காவல் கிடையாது. கும்பல் வரும், காவல் தானாக வந்துவிடாது.

4. “ஊர்ப்பெயரே எழுதவில்லை, வெறும் படம்தானே?”

கைபேசிக் கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால், எடுக்கும் ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பதிவாகிவிடும். பல நேரங்களில் அது சில மீட்டர் அளவுக்குத் துல்லியமாக இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு நீங்கிவிடுகிறது. அதையே ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினாலோ மின்னஞ்சலில் இணைத்தாலோ அப்படியே போய்ச் சேரலாம். 2012 டிசம்பரில் போலீசாரிடமிருந்து தலைமறைவாக இருந்த வைரஸ் தடுப்பு மென்பொருள் நிறுவனர் ஜான் மெக்காஃபி குவாதமாலாவில் இருப்பது வெளியானது இப்படித்தான். பத்திரிகையாளர்கள் பெருமையோடு வெளியிட்ட ஒரு படத்துக்குள் இடக்குறிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது.

தனித்தனியே பார்த்தால் தீங்கில்லாத தடங்கள் சேரும்போது வேறு கதை சொல்கின்றன. ஓட்டப் பயிற்சி செயலியான ஸ்ட்ராவா, பயனாளர்களின் பெயரை நீக்கிவிட்டு, அவர்கள் சென்ற தடங்களைக் காட்டும் உலக வரைபடம் ஒன்றை 2017-இல் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் நேதன் ரூசர் அதில் ராணுவ முகாம்களின் சுவடுகள் ஒளிர்வதைச் சுட்டிக்காட்டினார். 15 லட்சம் பேரின் கைபேசித் தரவை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வு, நேரமும் இடமும் கொண்ட நான்கு புள்ளிகள் இருந்தாலே 95 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்றது. தினமும் காலையில் ஒரே குளக்கரையில் பறவை பார்த்துப் பதிவிடுபவரின் வீடும் நேரமும் பழக்கமும் அந்தப் பதிவுகளிலேயே தெரிந்துவிடும். தனியாகக் களத்துக்குப் போகும் பெண்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பறவையின் இடத்தைக் காக்கும் பழக்கம் பார்த்தவரையும் காக்கிறது.

5. “நாங்கள் வேட்டைக்காரர்கள் அல்ல, படம் எடுக்கத்தானே வருகிறோம்”

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ எதுவென்று வரையறுக்கும்போது, பறவை, ஊர்வனவற்றின் முட்டைகளையும் கூடுகளையும் தொந்தரவு செய்வதையும் அதில் சேர்க்கிறது. சட்டம் எழுதியவர்கள் காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தவளைவாயன் பறவை இடுவது ஒரே ஒரு முட்டை. பகலில் ஆண் பறவை அசையாமல் அடைகாக்கும். அந்தக் கிளையைச் சுற்றி நாள் முழுக்கக் கேமராக்கள் நின்றால், கூட்டை மறைக்கும் இலைகளை ‘இடைஞ்சல்’ என்று ஒடித்தால், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு வெளியே வரவழைத்தால், அந்த ஆண்டின் ஒரே குஞ்சும் போய்விடலாம். ஒருவர் வந்தால் பறவை பொறுத்துக்கொள்ளும். இடம் பரவிய பிறகு யாரும் ஒருவராக வருவதில்லை. வருகிறவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை; நல்லெண்ணம் உள்ளவர்களின் எண்ணிக்கையே இங்கே ஆபத்தாகிறது.

6. “மறைப்பவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கிறார்களே”

இந்தக் குற்றச்சாட்டுக்குத்தான் மறைப்பவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். பொதுவில் மறைத்துவிட்டு, பணம் கொடுப்பவரையும் செல்வாக்குள்ளவரையும் கூட்டிப்போனால் அது வெறும் சலுகை. எனவே விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். வனத்துறைக்கும் அந்த உயிரை ஆராய்பவர்களுக்கும் துல்லியமான இடத்தைச் சொல்லுங்கள். அந்த மண்ணில் வாழும் ஊராரோடு பேசுங்கள். அவர்கள் உங்களுக்கு முன்பே அறிந்திருப்பார்கள், காவலும் அவர்களிடமிருந்துதான் வரும். பொதுவில் மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூட்டின் படத்தைக் குஞ்சுகள் பறந்துபோன பிறகு வெளியிடுங்கள். கோப்பில் உள்ள இடக்குறிப்பை நீக்கிவிட்டே அனுப்புங்கள். நெருங்கிய நண்பர் கேட்டாலும் இதே பதிலைச் சொல்லுங்கள்.

அந்த உயிரின் தோற்றம், உணவு, குரல், வாழும் சூழல், அதை நெருக்கும் ஆபத்து என்று சொல்வதற்கு நம்மிடம் எவ்வளவோ இருக்கிறது. அவற்றையெல்லாம் தாராளமாகச் சொல்வோம். தன் இருப்பிடத்தை வெளியிடலாமா என்று அந்தப் பறவையிடமோ ஆமையிடமோ யாரும் அனுமதி கேட்க முடியாது. அதனால் அந்த முடிவின் முழுப் பொறுப்பும் பார்த்தவருடையது. அதை உணர்ந்து வாய்மூடி இருப்பவரைச் சுயநலக்காரர் என்று இனி யாரும் ஏச வேண்டாம்.