வெடிப்பைப் பார்ப்பவர் யார்?

எம்பிலிப்பிட்டிய வயல்களை நனைப்பது வளவை கங்கையின் நீர். அந்த ஆற்றின் மேற்பகுதியில் பலாங்கொடைப் பக்கத்தே சமனலவெவ அணையும், அதற்குக் கீழே உடவளவை அணையும் நிற்கின்றன. இவ்விரண்டின் உறுதியை நம்பியே கமக்காரன் விதை எறிகிறான். 1992 ஆம் ஆண்டு சமனலவெவவில் நீர் தேக்கப்பட்டபோது வலக்கரை மலையின் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளூடாக நீர் பீறிட்டதும், பின்னர் களிமண் கொட்டியும் ஒழுக்கு முற்றாக அடைபடாததும் யாவரும் அறிந்ததே.

“இலங்கைக்கும் பூமியதிர்ச்சிக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டுவிட்டுக் கண்ணயரும் காலம் போய்விட்டது. 2020 இல் விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய திகனைப் பகுதியிலும், 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாயப் பகுதிகளிலும் நிலம் சிறிதாக அதிர்ந்தது. பெருஞ் சேதம் எதுவும் நேரவில்லை. மக்களைப் பீதிக்குள்ளாக்குவது நமது நோக்கமன்று. ஆயத்தமாக இருக்கிறோமா என்று கேட்பதே நமது கடமை.

அயல் நாட்டைப் பாருங்கள். 1967 டிசம்பரில் மகாராட்டிரத்துக் கோய்னாவில் பூமி குலுங்கிற்று. அணை இடியவில்லை, ஆயினும் அதன் சுவரில் வெடிப்புக்கள் கண்டன. பொறியியலாளர் அவற்றை அளந்து ஆராய்ந்து அணையை வலுப்படுத்தினர். 2001 ஜனவரி 26 ஆம் நாள் கட்ச் பகுதியை உலுக்கிய அதிர்ச்சி, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள அகமதாபாத்திலும் மாடிக் கட்டடங்களை வீழ்த்திற்று. கீழ்த்தளத்தில் வாகனம் நிறுத்துவதற்காகச் சுவரின்றி வெறுந் தூண்களில் எழுப்பப்பட்டவை அவற்றுட் பல. தூரம் மட்டும் நம்மைக் காக்காது என்பது அங்கே எழுதப்பட்ட பாடம்.

அதிர்ச்சி ஓய்ந்ததும் பொறியியலாளர் வீடு வீடாகச் சென்று, சுவர்களிற் குறுக்கும் மறுக்குமாக விழுந்த வெடிப்பையும், தூண் தலைப்பின் நொறுக்கத்தையும், பாலத்தின் தாங்கிகள் இடம் பெயர்ந்தனவா என்பதையும் பார்க்கின்றனர். புழங்கத்தக்க கட்டடத்துக்குப் பச்சை, எச்சரிக்கைக்கு மஞ்சள், புகத்தகாததற்குச் சிவப்பு என்று வாயிலிலேயே அடையாளம் ஒட்டுகின்றனர். 2015 இல் நேபாளத்தில் நடந்ததும் இதுவே. 1971 இல் கலிபோர்னியாவின் சான் பெர்னாண்டோ மண்ணணையின் முகப்புச் சரிந்தபோது, சுமார் 80,000 மக்களை உடனே வெளியேற்றி, நீர்மட்டத்தைத் தாழ்த்தினர். அணை உடையவில்லை, உயிர்கள் பிழைத்தன.

நமது தோட்டங்களில் இவ்வாறு நடக்குமா? துரையின் பங்களாவையும் தொழிற்சாலையையும் பார்க்க ஆள் வரக்கூடும். வெள்ளையர் காலத்து லயனின் சுவரைப் பார்ப்பவர் யார்? பெரும்பாலான பெருந்தோட்டங்களில் நிலம் அரசினருடையது, நிருவாகம் கம்பெனியினுடையது, வெடிப்பு மட்டும் தொழிலாளியினுடையது!

இது வெறும் வாதமன்று. 2014 அக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. அறிக்கை கந்தோரில் இருந்தது. மக்கள் லயனில் இருந்தனர். நமது சப்பிரகமுவையிலேயே, கேகாலை மாவட்டத்து அரநாயக்கவை 2016 மே மாதம் மண் விழுங்கியதையும் மறத்தல் ஆகாது. ஆராய்வோர் இல்லாமையன்று, ஆராய்ந்ததைச் செயலாக்குவோர் இல்லாமையே நமது பெருங்குறை.

ஆகவே நாம் கேட்பது இதுவே. நிலம் அதிர்ந்தாலும், பெருமழையால் மலை நெகிழ்ந்தாலும், பாலங்களையும் பாடசாலைகளையும் போலவே லயன்களும் பொறியியலாளராற் பார்க்கப்படல் வேண்டும். முடிவு கோப்பில் உறங்காமல், சிங்களத்திலும் தமிழிலும் சுவரில் ஒட்டப்படல் வேண்டும். சிவப்பு அடையாளம் பெற்ற லயனில் வாழ்வோருக்குப் பாதுகாப்பான காணியும் உறுதியும் வீடும் குறித்த தவணைக்குள் வழங்கப்படல் வேண்டும். போக்கிடம் காட்டாது “வெளியேறு” என்பது எச்சரிக்கையன்று, கைகழுவலே. அணைகளின் கீழ் வாழ்வோருக்கு ஆபத்து வேளையில் எவ்வழியே மேட்டுக்கு ஓடுவது என்பது அவரவர் மொழியிற் சொல்லப்படல் வேண்டும்.

அரசினரிடம் மட்டும் கேட்டு அமைவதற்கில்லை. பேராதனையிலும் மொறட்டுவையிலும் யாழ்ப்பாணத்திலும் கற்றுத் தேர்ந்த தமிழ்ப் பொறியியலாளர்கள், ஆண்டில் சில நாட்களையேனும் தோட்டத்துச் சுவர்களுக்கு ஒதுக்கலாகாதா? கமக்காரரும் காவலரே. மண்ணணையின் அடியில் தெளிந்த நீர் கசிவது வழமையாக இருக்கலாம். அது திடீரெனக் கலங்கி வந்தால், உள்ளிருந்து மண் அரிபடுகிறது என்பது பொருள். கண்டவர் அக்கணமே அறிவிக்க வேண்டும். 1986 ஏப்ரிலில் கந்தளாய்க் குளம் உடைத்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோன நாட்டில், கலங்கல் நீரை அலட்சியம் செய்தல் தகாது.

வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்னவர் நம் முன்னோர். போட்ட அணையையும் கட்டிய சுவரையும் உரிய வேளையிற் சென்று பார்ப்பது நம் தலைமுறையின் பொறுப்பு. அதை அதிகாரிகள் இன்றே தொடங்குவார்களாக.